பானைக்குள் தவில்

புதுப் பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான் கன்னியப்பன். பானை கழுவுவது அவன் வேலை இல்லை. ஆனால் இது சோறாக்குகிற பானையும் இல்லை. இதன் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்க்கப் போகிறான்.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில், தகடு அழுத்தும் மிஷினோடு ஏழு வருஷமாக மல்லுக்கட்டுகிறவன். பக்கத்து மிஷின் கலியமூர்த்திக்கு அந்த இரைச்சலில் காது போயிற்று. கூப்பிட்டால் திரும்பாத ஆளை மிஷினில் விட முடியாதென்று வாசல் காவலில் உட்கார வைத்தார்கள். இரண்டே மாதம், அதுவும் இல்லை. அன்றிலிருந்து கன்னியப்பன் தன் காதையே காவல் காத்தான்.

காலையில் ரேடியோவில் மங்கள இசை வரும். நாதஸ்வரம் கேட்கும். தவில் மட்டும் தீப்பெட்டியைத் தட்டினாற்போல எங்கோ கிடக்கும். ஆனால் அவன் பெண்சாதி வேம்புலியம்மாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முறத்தில் விரலால் தாளம் தப்பாமல் தட்டுவாள். அவளுக்குக் கேட்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை. அவளிடம் விசாரித்திருக்கலாம். விசாரித்தால் தெரிந்துவிடுமே.

ஒருவேளை ஸ்பீக்கர்தான் சரியில்லையோ என்ற நப்பாசையில் முந்தின நாள் ரேடியோ ரிப்பேர் சுலைமான் பாயிடம் போனான். பாய் பழைய ஸ்பீக்கர் இரண்டை எடுத்து வைத்தார்.

"பெரிசப் பாத்து மயங்காதே அண்ணாத்தே. ஸ்பீக்கர் காயிதத்த விரலால அமுக்கு. பெரிசு வெறப்பா நிக்குது, மாமியா கணக்கா. சின்னது மெத்துனு போயி வருது பாரு. வெலையும் கம்மி, அடி சத்தமும் அதான் குடுக்கும்."

டார்ச் பேட்டரியைக் கம்பிகளில் தொட்டுக் காட்டினார். "தொப்புனு கேட்டுச்சா?"

அந்த நேரம் பார்த்துப் பூந்தமல்லி பஸ் ஒன்று கடையை உரசினாற்போலப் போயிற்று. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"நல்லா கீது பாய்," என்றான்.

"மண்பானை வாயில கவுத்து மூலையில வையி. கல்யாண ஊடு தோத்துப்பூடும்."

இப்போது பானையைத் துடைத்து மூலையில் வைத்தான். ஸ்பீக்கரைக் கவிழ்த்து ஒயரை ரேடியோவோடு முறுக்கினான். ஒயர் இரண்டு தடவை கைநழுவிற்று. ரேடியோ சூடேறக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தவில் வந்தது. முதலில் தரையில் ஊன்றிய உள்ளங்கைக்கு வந்தது, அப்புறம் காதுக்கு. குச்சி அடி வேறு, விரல் அடி வேறு என்று தனித்தனியாக வந்தது.

வேம்புலி முறத்தைக் கீழே வைத்தாள். "அட, இதுல மோளமும் வாசிக்கிறானுங்களா?"

"இன்னாமே சொல்றே? தெனம் கேட்டுகினுதானே தட்டுவே?"

"யாரு கேட்டா? எங்க அம்மா ஊடு கோயிலாண்ட. பீப்பீ இப்டிப் போனா தவுலு எப்டி வரும்னு எனுக்குத் தெரியாதா? கை தானா தட்டும்."

கன்னியப்பன் சுவரில் சாய்ந்தான். மூன்று மாதமாக நெஞ்சில் குந்தியிருந்த ஒன்று எழுந்து போனாற்போல மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டான். நாளையிலிருந்து பட்டறையில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும், யார் சிரித்தாலும் சரி.

வேம்புலி அவன் முகத்தையே பார்த்தாள். "அதான் நான் பேசறப்பல்லாம் என் வாயவே பாத்துகினு இருந்தியா? காது பூட்ச்சினு பயந்துகினா கீறே? ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

அவன் எட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.