நீக்கப்பட்ட அடிக்குறிப்பு

பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருந்த காலம் முடிந்த பிறகு, வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வந்தேன். வீடு ஆரையம்பதியில். அழைப்பு வந்தால் காலையிலேயே மட்டக்களப்பு நகரத்துக்குப் போய், அவர்கள் தங்கியிருக்கும் விடுதி வாசலில் ஓட்டோவுடன் நிற்பேன். வருகிறவர்களில் அநேகர் சர்வதேச உறவுகள் என்ற துறையைச் சேர்ந்தவர்கள். போர் முடிந்த நாடுகள், கடல் எல்லைகள், அகதிகள், வல்லரசுகள் எல்லாம் அந்தத் துறைக்குள் அடங்கும். அவர்கள் கேட்பதை நான் தமிழில் கேட்பேன், வரும் பதிலை ஆங்கிலத்தில் சொல்வேன். ஓரிரு வருடம் கழித்து அது ஏதாவது ஓர் ஆய்விதழில் கட்டுரையாக வரும். வந்தது பெரும்பாலும் எங்களுக்குத் தெரியவராது.

ஒரு கட்டுரை மட்டும் தெரியவந்தது.

அதை எழுதியவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்த விரிவுரையாளர். முப்பது வயதிருக்கும். படகேறி வெளிநாடு போனவர்கள் ஏன் போனார்கள் என்பது அவருடைய கேள்வி. போனவர்களின் குடும்பங்களைத் தேடி வாவிக்கரை ஊர் ஒன்றில் ஒரு வாரம் திரிந்தோம். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. படகுத் துறையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைக் கண்டுவிட்டு, "போன முறை வந்தவங்க எழுதின புத்தகத்தில மீன் ஏதும் பட்டிச்சாமோ தம்பி?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். விரிவுரையாளர் என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்தார்.

நான் சொல்ல வந்தது அந்த ஊரில் ஒரு தாயைப் பற்றி. கணவர் இல்லை. துறையில் மீன் எடுத்து வீதியோரம் விற்பவர். மகள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மூத்தவன் படகில் போய்ச் சேர்ந்து, அங்கே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தான். ஒலிப்பதிவுக் கருவியை ஒரு கதிரையில் வைத்து, மகன் ஏன் போனான் என்று கேட்டோம்.

"ஆத்தில மீனில்ல. தொழில் இல்லாட்டி என்ன செய்யிற? போனான்."

எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். அவர் இதைச் சொன்னபோது அவருக்குப் பின்னால் ஒரு பேசின் நிறைய மீன் இருந்தது. சில இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.

உண்மை வேறு, அது ஊருக்கே தெரியும். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அவனை இரண்டு தடவை ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றப் பொடியன்களைப் பற்றித் தகவல் சொல்லச் சொன்னார்கள். இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது அவனால் இடது கையைத் தூக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் படகு. வந்தவர்களில் ஒருவர் இன்று அந்தப் பகுதியில் மரியாதைக்குரிய ஆள். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு மாலை போட்டு அழைக்கிறார்கள்.

கடதாசியும் பேனையுமாக வருகிறவர்களுக்குக் கொடுக்க இந்தப் பகுதியில் ஒரு பதில் இருக்கிறது. சீருடையில் வந்து கேட்டாலும், தொண்டு நிறுவனம் வந்து கேட்டாலும், நிருபராக நான் போய்க் கேட்டபோதும் அதுதான் கிடைத்தது. தொழிலுக்குப் போனான். யாரையும் குற்றம் சாட்டாத பதில், யாரும் மறுக்கவும் முடியாது. அந்த வாரம் போன வீடுகளில் எல்லாம் ஏறக்குறைய ஒரே சொற்களில் அதையே கேட்டோம். சிலருக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் விரிவுரையாளரிடம் இதைச் சொன்னேன். எவர் வீட்டையும் குறிப்பிடவில்லை. இது அந்நியருக்குச் சொல்லும் பதில், இதைக் காரணமாக எடுத்துவிட வேண்டாம் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். ஒலிப்பதிவில் இருப்பதுதான் தரவு, நான் சொல்வது தரவாகாது, ஆனாலும் எழுதுவேன் என்றார்.

எழுதியும் இருந்தார். பிறகு அவர் அனுப்பிய முதற்படியில் அதைப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் நாலு வரி. இப்பகுதியில் அந்நியர் கேட்கும்போது வாழ்வாதாரத்தையே காரணமாகச் சொல்வது நெடுங்கால வழக்கம் என்றும், இந்தப் பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கிறார் என்றும் இருந்தது.

ஆய்விதழ்கள் ஒரு கட்டுரையைப் பெயர் தெரியாத இரண்டு மூன்று பேரிடம் மதிப்பிடக் கொடுக்கும். அவர்களில் ஒருவர், இந்தக் குறிப்புக்கு ஆதாரம் இல்லை, ஆதாரம் தருக அல்லது நீக்குக, கட்டுரை சொல் வரம்பையும் தாண்டுகிறது என்று எழுதியிருந்தார். ஆதாரம் தருவதென்றால் ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். விரிவுரையாளர் குறிப்பை நீக்கினார். கட்டுரை ஏற்கப்பட்டது. யாரும் இலவசமாகத் திறந்து படிக்கலாம் என்ற ஏற்பாட்டில் இணையத்தில் வெளிவந்தது.

அடுத்த வருடம் அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்தார். கையில் தொலைபேசி. மகனின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. தீர்ப்பின் பக்கங்களை அவன் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

"இதில என்ன கிடக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்க தம்பி. அவன் சொல்றானில்ல."

வாசித்தேன். கரையேறிய நாளில் முதல் அதிகாரியிடம் அவன் தொழில் இல்லை, அதனால் வந்தேன் என்று சொல்லியிருந்தான். ஆட்கள் பிடித்துக்கொண்டு போனதைப் பிறகுதான் சொன்னான். எனவே அது பின்னால் சேர்த்த கதை என்பது தீர்ப்பு. அதற்குத் துணையாக, அந்தப் பிரதேசத்தில் நேரடியாக ஆய்வு செய்த சுயாதீனமான கல்விசார் கட்டுரை ஒன்றும் இதையே உறுதிப்படுத்துகிறது என்று எழுதி, அதிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆற்றில் மீன் இல்லை, தொழில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற வரி. ஆங்கிலம் என்னுடையது.

அது யாருடைய தாய் சொன்னது என்று தீர்ப்பு எழுதியவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கட்டுரையில் எவர் பெயரும் இல்லை.

அந்தத் தாய்க்குத் தமிழில் சொன்னேன்.

"அது நான் சொன்னதுதானே?"

"ஓம் அக்கா."

தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்க அவன் அதைச் சொல்லியிரிக்கான். இஞ்ச நான் அதைச் சொல்லியிரிக்கன். ரெண்டும் ஒண்டா இரிக்கக்குள்ள நம்பத்தானே செய்வாங்க" என்றார்.

மேன்முறையீட்டுக்கு இடமிருந்தது. மகனின் சட்டத்தரணி தாயிடமிருந்து ஒரு சத்தியக் கடதாசி கேட்டார். நடந்ததை எழுதி, சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். நான் விரிவுரையாளருக்கும் எழுதினேன். அவர் அன்றே பதில் போட்டார். முதற்படியையும் மதிப்பாய்வையும் அனுப்பி, ஆய்விதழில் ஒரு திருத்தக் குறிப்பு போட முயற்சி செய்வதாகச் சொன்னார். ஆனால் அதற்கும் அந்தத் தாய் உண்மையை ஒலிப்பதிவில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்.

அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். ஊரின் சமாதான நீதவானும், பாடசாலையில் மாலை போட்டு அழைக்கும் அந்த மனிதரும் ஒரே கோயில் நிர்வாக சபையில் இருப்பவர்கள். நகரத்தில் வேறு ஒருவரிடம் போகலாம் என்றேன். கடதாசி இந்த ஊரின் பெயரோடும் தன்னுடைய பெயரோடும்தானே போகும் என்று கேட்டார். ஆம் என்றேன். மகள் படிப்பிக்கும் நேசரிக்குப் போகும் வழியில்தான் அந்த மனிதரின் வீடு. இதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

மகள் குசினியிலிருந்து வந்து கதவுநிலையில் நின்றாள். "நீங்க எழுதுங்கம்மா. எனக்கொண்டும் நடக்காது" என்றாள்.

"நீ வாய மூடிட்டு உள்ள போ."

அவள் போகவில்லை. தாய் என்னைப் பார்த்துப் பேசினார்.

"நான் பொய் சொன்னனெண்டு உங்களோட வந்த அந்தப் புள்ள எழுதட்டும் தம்பி. பொய்க்காரியெண்டு என்ர பேரையும் போட்டு எழுதட்டும். என்னத்தப் பத்திப் பொய் சொன்னன் எண்டு மட்டும் எழுத வேணாம்."

பத்திரிகை வேலையில் நிறைய வாக்குமூலங்களைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். விரிவுரையாளர் அதற்கேற்ப, பெயரைப் போடாமல், ஒரு வரித் திருத்தம் எழுதினார். பதில் தந்தவர்களில் ஒருவர் தன் கூற்றை மீளப்பெற்றுக்கொள்கிறார், அக்கூற்றை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம் என்று.

ஆய்விதழின் ஆசிரியர் மரியாதையாக மறுத்தார். ஒலிப்பதிவும் கட்டுரையில் உள்ள வரியும் பொருந்துகின்றன, ஆகவே திருத்துவதற்குப் பிழை எதுவும் இல்லை. மீளப்பெறும் உரிமை பிரசுரத்துக்கு முன்பு மட்டுமே உண்டு, ஒப்புதல் படிவத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஒருவருடைய பதிலை எடுத்துவிட்டாலும் மற்றவர்கள் அதையே சொல்லியிருப்பதால் முடிவு மாறாது. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தது.

மற்றவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டதும் அந்தத் தாய் எழுந்து போனார். நாங்கள் அந்த வாரம் போன வீடுகளை அவருக்குத் தெரியும். பிறகு அவருடைய மகள் சொன்னாள், ஒவ்வொரு வீட்டுக்கும் போய், நீங்களும் பொய்யெண்டு சொல்லுங்க என்று கேட்டாராம். ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்து, வேறு கதை பேசி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில், உன்ர மகனுக்கு விசா வந்தா எங்கட மகன்ர விசா போகும் என்றார்கள். அந்த மகனுக்கு வேறு ஏதோ வழியில் விசா கிடைத்திருந்தது. ஒருவர் மட்டும், எங்கட மச்சான் உண்மையாவே மீனில்லாமத்தான் போனவர், நான் என்னத்தப் பொய்யெண்டு சொல்ல என்று கேட்டிருக்கிறார்.

மேன்முறையீடு தள்ளுபடியானது. தாய் உயிரோடு இருந்தும் சாட்சியம் தரவில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பில் ஒரு குறையாகக் குறித்திருந்தார்கள். அவனைத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே விமான நிலையத்தில் விசாரித்து, முகவரி எழுதிக்கொண்டு வெளியே விட்டார்கள். கொடுத்தது ஊர் முகவரி. அவன் ஊருக்கு வரவில்லை.

சில மாதங்களின் பின் விரிவுரையாளரிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் ஒன்று வந்தது. புலமைக் கட்டுரைகள் அகதித் தீர்ப்புகளில் எப்படிப் பயன்படுத்தப்படுகின்றன என்று எழுதப் போகிறார். தன்னுடைய கட்டுரையையே உதாரணமாக எடுக்க விரும்புகிறார். வேறோர் ஆய்விதழ் ஆர்வம் காட்டியிருக்கிறது. எல்லா அடையாளங்களையும் மாற்றிவிடுவேன், அந்தத் தாய் சம்மதிப்பாரா என்று கேட்டிருந்தார். அவர் மனம் வருந்தி எழுதுவது தெரிந்தது. கேட்கத்தான் வேண்டியிருந்தது. போனேன்.

வீதியோரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கைவேலையை நிறுத்தவில்லை.

"அதை எழுதினா இவன் திரும்ப அங்க போகலாமா?"

இல்லை என்றேன்.

"அப்ப வேணாம்."

அதை ஒரு வரியில் அனுப்பினேன். விரிவுரையாளர் அந்தக் கட்டுரையைக் கைவிட்டார். ஒப்பந்தம் முடிந்து இப்போது வேறு வேலை பார்க்கிறார் என்று அறிந்தேன். முதல் கட்டுரை இணையத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் நீண்டுகொண்டு போகிறது.

மகன் உள்நாட்டுப் பக்கம் எங்கோ ஒரு வயல் வட்டையில் காவல் பார்ப்பதாக ஒரு கதை உண்டு. அந்தத் தாய் சில நாட்களில் விடியற்காலை பஸ்ஸில் போய், மாலையில் வருகிறார். எங்கே என்று யாருக்கும் சொல்வதில்லை. நான் எதிரில் வந்தால், மீன் விலையை மட்டும் சொல்கிறார்.