பன்னிமண்டபத்துக்கு ஐம்பத்திரண்டு நிமிடம்

ஹில்டா சிஸ்டரை ஜடையன் முதன்முதலில் பார்த்தபோது, அவர் கையில் ஜடையன் எழுதிய சுற்றறிக்கை இருந்தது. சரஸ்வதிபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்தின் படிகளை, ஐம்பத்தோரு வயதுக்காரர் என்று நம்ப முடியாத வேகத்தில் ஏறி வந்து, வாசலிலேயே நின்று கேட்டார்:

"இத எழுதின மேதாவி யாரு?"

ஜடையன் எழுந்து நின்றான். மேதாவி என்பதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். படித்து முடித்ததிலிருந்து எந்தச் சொல்லையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்தான்.

அந்த ஜடையன் இதை எழுதுகிறவனேதான். 'நான்' என்று எழுதிப் பார்த்தால் ரொம்ப அசடாகத் தெரிகிறது. 'அவன்' என்று எழுதினால் அந்த அசட்டுத்தனம் பக்கத்து வீட்டுக்குப் போன மாதிரி கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

ஹனூர் பக்கம் ராமாபுரத்தில், அவன் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன். வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் அப்பா ரத்தினசாமி, 'ஜடையன் பி.காம்.' என்று நீலப் பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். கொள்ளேகால் பஸ்ஸில் வருகிறவர்கள் ஊர்ப் பலகையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். ஜடையனுக்கு அதில் கூச்சம் என்று சொன்னால் பொய். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பக்கத்து ஜன்னல் சீட்டுக்காக ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுக்கூட ஏறியிருக்கிறான்.

அலுவலகம், நோயாளிகளின் வீட்டுக்கே நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சி. தலைமையிடம் பெங்களூரு. கோயம்புத்தூரிலும் மைசூரிலும் கிளைகள். நர்ஸ்களில் பலர் ஸ்கூட்டரிலும் சிலர் சைக்கிளிலும் போகிறவர்கள். சைக்கிள் எந்த ஊரில் எவ்வளவு வேகம் போகிறது என்று ஒவ்வொரு கிளையும் அளந்து அனுப்ப வேண்டும் என்று முதலாளி லிங்கப்பன் உத்தரவு போட்டார். மற்ற இரண்டு ஊர்களிலும் நர்ஸ்களிடம் கேட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள். ஜடையன் அப்படிச் செய்வானா? பி.காமில் புள்ளியியல் படித்தவன். வாட்ச்மேன் மஞ்சுநாத்தின் சைக்கிளை இரவல் வாங்கி, சரஸ்வதிபுரத்திலிருந்து பன்னிமண்டபம் வரை ஐந்தரை கிலோமீட்டர் தானே ஓட்டி அளந்தான். ஒருமுறை அல்ல, மூன்று நாள், காலை ஆறரைக்கு. மூன்று நாளும் ஐம்பத்திரண்டு நிமிடம். ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை, குறையவில்லை. அந்தத் துல்லியத்தில் அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அறிக்கை இப்படி முடிந்தது: சைக்கிளின் வேகம் கோயம்புத்தூரில் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர், பெங்களூரில் பதினொன்று, மைசூரில் ஆறு புள்ளி மூன்று. பார்த்த லிங்கப்பன், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மைசூரில் சைக்கிள் கூடாது, ஸ்கூட்டர் உள்ளவர்களுக்கு மட்டுமே வேலை என்று முடிவு செய்தார். சுற்றறிக்கையை எழுதும் கௌரவம் ஜடையனுக்குக் கிடைத்தது. மைசூர்க் கிளையில் சைக்கிளில் போகிறவர் ஒரே ஒருவர்தான் என்பதை அவன் பார்த்து வைக்கவில்லை. அந்த ஒருவர்தான் இப்போது எதிரே நின்றார்.

"சைக்கிள்ல பன்னிமண்டபம் போக அம்பத்திரெண்டு நிமிஷமா?"

"ஆமாங்க சிஸ்டர். மூணு தடவ எடுத்த சராசரி."

"தம்பி, தசராவுல அம்பாரி தூக்கிக்கிட்டு அரமனையிலேருந்து யானை போறதும் அதே பன்னிமண்டபத்துக்குத்தான். அதுக்கே உன்னவிட கொஞ்சம் அவசரம் இருக்கும்."

மஞ்சுநாத் வாசலில் நின்று சிரித்தார். ஜடையன் சிரிக்கவில்லை. "டேட்டா அப்படித்தான் சொல்லுது சிஸ்டர். நீங்க ஒரு ஸ்கூட்டர் எடுத்துக்கலாமே?"

ஹில்டா வலது கையை நீட்டி முறுக்கிக் காட்டப் பார்த்தார். மணிக்கட்டு அரைக்கால்வாசி திரும்பி நின்றுவிட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைத் தூக்கும்போது வழுக்கி விழுந்து உடைந்த கை. உள்ளே பிளேட் வைத்திருக்கிறது. பிடிக்க முடியும், முறுக்க முடியாது. அதாவது, பிரேக் பிடிக்கலாம், ஆக்ஸிலரேட்டர் திருக முடியாது.

"எட்டு வீடு எனக்கு இருக்கு. ரெண்டு வீட்டுல என் கையத் தவிர வேற யாரு கையையும் புண்ணுல வைக்க விடமாட்டாங்க. ஒண்ணாந்தேதி நான் அவங்களுக்கு என்ன சொல்லட்டும்? பி.காம். படிச்சவரு கணக்குப் போட்டுட்டாரு, இனி வரமாட்டேன்னா?"

பி.காம். என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஜடையன் யோசித்தான். சுற்றறிக்கையின் அடியில் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவனே அச்சடித்திருந்தான்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பன்னிமண்டபத்துல எனக்கு ஒரு ட்ரெஸ்ஸிங். ஆறரைக்கு வா. கூட ஓட்டு. அம்பத்திரெண்டு எங்கேர்ந்து வருதுன்னு பாக்கறேன்."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் பேசும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"ஏண்டா, டிகிரி முடிச்சுப்போட்டு சைக்கிள்லயா போற?" என்றார் ரத்தினசாமி. "ஊருல ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

மறுநாள் காலையில் ஹில்டா சரியாக ஆறரைக்கு வந்து நின்றார். பச்சை நிற லேடீஸ் சைக்கிள். கேரியரில் பழைய பிஸ்கட் தகர டப்பா, அதற்குள் பஞ்சு, கட்டுத்துணி, கத்தரி. புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார். கிளம்பினார்கள். ராமசாமி சர்க்கிள் தாண்டி அவர் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஜடையன் இல்லை.

திரும்பி வந்து தேடினார். ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி அவன் நிதானமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். செருப்பு இரண்டும் ஹேண்டில்பாரில் தொங்கின.

"பஞ்சரா?"

"இல்லையே சிஸ்டர்."

"அப்புறம் ஏன் எறங்கின?"

"எறங்கினேனா?" என்றான் ஜடையன். அவன் நடிக்கவில்லை. காலைக் குனிந்து பார்த்தான். வெறுங்கால். சத்தியமாக அவனுக்கு அது புதுச் செய்தி.

ராமாபுரத்தில் கோயில் முன்னால் சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக் கூடாது. இருபது அடி முன்னாலேயே இறங்கி, செருப்பைக் கழற்றி, தள்ளிக்கொண்டு போய், கோயில் எல்லை தாண்டியபின்தான் ஏற வேண்டும். ஆறு வயதில் சைக்கிள் பழகும்போது பெடலோடு சேர்த்துப் பழகியது அது. ஊரில் இருப்பது இரண்டே கோயில். யாருக்கும் நேரம் வீணாவதில்லை. மைசூரில் அப்படியா? சந்துக்கு ஒரு சாமி.

ஹில்டா தன் சைக்கிளை ஓரமாக இழுத்து வழிவிட்டார். "நீ முன்னால போ" என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்னால் வந்தபடி எண்ணத் தொடங்கினார். கே.ஆர். சர்க்கிளுக்குள் மூன்று. சயாஜி ராவ் ரோட்டில், மார்க்கெட் தாண்டி, மூங்கில் கடைகள் வரும் வரைக்கும் இன்னும் ஐந்து, அதைத் தாண்டி இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம், இரண்டரை நிமிடம். அம்மன் கோயிலில் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டான். பன்னிமண்டபத்துக்குக் கிட்டே, தெருமுனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாதா கெபிக்கு முன்னாலும் அவன் கால் தானாகத் தரைக்கு வந்தபோது ஹில்டாவால் தாங்க முடியவில்லை.

"அய்யோ தேவரே! எங்க மாதாவுக்குமா எறங்குற?"

"அம்மன் மாதிரி இருந்துச்சுங்க" என்றான் ஜடையன்.

கல்லூரியில், 'மூடநம்பிக்கைகளை முறியடிப்போம்' என்ற பேச்சுப் போட்டியில் அவன்தான் முதல் பரிசு. எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஷோகேஸில் இன்னும் இருக்கிறது.

பதினொரு கோயில், ஒரு கெபி. ஐம்பத்திரண்டு நிமிடம். நான்காவது முறையும் அதே துல்லியம்.

தாமதமாகும் என்று ஹில்டா முன்பே சொல்லி வைத்திருந்ததால் அந்த வீட்டில் யாரும் கோபிக்கவில்லை. கட்டுக் கட்டி முடித்து வந்ததும் இருவரும் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். ஜடையன் தலை நிமிரவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "மத்த ஊர்ல எப்படி சிஸ்டர் இருக்கும்?" என்று கேட்டான். அளவெடுக்கப் போகும் முன்னால் அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"கோயம்புத்தூர்ல ஆறு வருஷம் ஓட்டினேன். அங்க என் முந்தானைக்கு ஊரே காவல். 'ஏனுங்க அக்கா, சேல சக்கரத்துல சிக்குதுங்க'ன்னு ஒருத்தன் ரெண்டு தெரு தொரத்திக்கிட்டு வந்து சொல்லிட்டுப் போவான். ஆனா பின்னால வர்ற பஸ்காரனுக்கு மட்டும் அந்த மரியாதையெல்லாம் கெடையாது. பெங்களூர்ல ஒம்பது வருஷம். அங்க மொதல்ல நல்லா ஓட்டினேன். போகப் போக ஓட்டறதே இல்ல, சைக்கிளோட நிக்கறதுதான். ஆனா காரெல்லாம் நிக்கும்போது நான் மட்டும் சந்துல பூந்து போயிடுவேன், பாரு, அந்த ஒரு சந்தோஷம். முந்தானை என்ன, நானே சக்கரத்துல சிக்கினாலும் அங்க எவனும் சொல்லமாட்டான்."

"மைசூர்?"

"பாத்தா சமமா தெரியும், மிதிச்சாத்தான் மேடு தெரியும். மரம் இருக்கு, நெழல் இருக்கு. ஒரே தொந்தரவு, சிக்னல்ல நின்னா பக்கத்து ஆட்டோக்காரரு, 'சிஸ்டர், எங்க மாமியாருக்கு முட்டி வீங்கியிருக்கு'ன்னு ஆரம்பிப்பாரு. பச்சை விழுந்தாலும் விடமாட்டாரு. அப்படியும் எனக்கு இருவத்தஞ்சு நிமிஷம் தாண்டினதில்ல."

திரும்பும்போது, "இப்ப எறங்காம ஓட்டிக் காட்டு. கண்ண முன்சக்கரத்துல வை" என்றார் ஹில்டா. ஜடையன் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று கோயிலைத் தாண்டினான். நான்காவதில், மூளை வேண்டாம் என்றபோதே கால் இறங்கிவிட்டது. அவன் அசடு வழிந்தான். ஹில்டா சைக்கிளை நிறுத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பில்லாமல் சொன்னார்:

"சரி தம்பி. நீ எறங்கறது உன் இஷ்டம். அதுக்கு நான் ஏன் வேலைய விட்டு எறங்கணும்?"

மறுநாள் ஜடையன் பஸ்ஸில் பன்னிமண்டபம் போய் நின்றுகொண்டான். கிளம்பும்போது ஹில்டா போன் செய்தார். வந்து சேர்ந்தபோது இருபத்துநான்கு நிமிடம். மணிக்குப் பதின்மூன்றே முக்கால் கிலோமீட்டர். மூன்று ஊர்களிலும் மைசூர்தான் முதல்.

இனி திருத்திய அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் 'பிழைக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஜடையன் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் ஐந்தாவது மாதத்தில் இருந்தான். வேலை உறுதியானால் தண்ணீர்த் தொட்டியில் இன்னொரு வரி எழுத அப்பா இடம் விட்டு வைத்திருந்தார். கட்டத்தில் முதலில் 'வானிலை' என்று எழுதினான். மூன்று நாளும் நல்ல வெயில். அழித்தான். 'போக்குவரத்து நெரிசல்' என்றான். காலை ஆறரைக்கு என்ன நெரிசல்? அழித்தான். 'வாகனக் கோளாறு' என்று எழுதியபோது, மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மஞ்சுநாத், "என் சைக்கிளுக்கு என்ன கோளாறு?" என்று சண்டைக்கு வந்தார்.

கடைசியில் நடந்ததை எழுதினான்: 'அளவெடுத்தவர் வழியில் பதினொரு கோயில்களிலும் ஒரு மாதா கெபியிலும் இறங்கி, செருப்பைக் கழற்றி நடந்து சென்றதால்.' கீழே கையெழுத்துப் போட்டான். பி.காம். சேர்க்கவில்லை.

பத்து நிமிடத்தில் லிங்கப்பனிடமிருந்து போன் வந்தது. கன்னடத்தில் ஒரே கேள்வி. பதினொன்றிலும் செருப்பைக் கழற்றினாயா?

"ஆமா சார்."

 தன் ஊரில் கோயில் வந்தால் இரட்டை மாட்டு வண்டியையே நிறுத்தி இறங்குவார்கள் என்றார் லிங்கப்பன். ஜடையனுக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில், தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது என்றார். இனி நேரத்தை நர்ஸ்களே அளக்கட்டும், அலுவலகத்தில் இருக்கிறவர்கள் அதில் தலையிட வேண்டாம் என்றும் சொன்னார். சுற்றறிக்கையை ரத்து செய்யும் சுற்றறிக்கையை எழுதும் கௌரவமும் ஜடையனுக்கே கிடைத்தது.

அதை எடுத்துக்கொண்டு போய் ஹில்டாவிடம் கொடுத்தான். அவர் நின்றபடியே படித்து, நான்காக மடித்து, பிஸ்கட் டப்பாவில் பஞ்சுக்கு அடியில் வைத்தார்.

"ஏழாம் வீட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அப்பாவுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை. "எறங்கி நடந்ததுக்கா மூணு மாசம்? எறங்காம போயிருந்தாத்தாண்டா தப்பு!" என்றார். தொட்டியில் விட்ட இடம் காலியாகவே கிடந்தது.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ஹில்டா சிஸ்டருக்கு இப்போது ஐம்பத்துமூன்று வயது. காந்திநகரில் கணவர் ஜேக்கப்புடன் இருக்கிறார். ஒன்பது வீடுகளுக்கு அதே பச்சைச் சைக்கிளில் போய் வருகிறார். பன்னிமண்டபத்துக்கு இப்போது இருபத்தாறு நிமிடம் ஆகிறது.