சதுரங்கப்பட்டினத்தில் ஆயிஷா சொன்ன கடற்போர்

என் மகள் ஆயிஷாவுக்கு ஒன்பது வயது. பேச்சு திக்கும் என்பதால் வெளியாட்களிடம் வாயே திறக்க மாட்டாள்.

நேற்று சதுரங்கப்பட்டினத்தில், நண்பரின் சவுக்குத் தோப்பில் டென்ட் போட்டுத் தங்கினோம். இன்று காலை டச்சுக் கோட்டைக்குப் போனபோது, சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் என்னிடம், "இங்க இன்னா சண்ட நடந்துச்சி?" என்று கேட்டார்.

ஆயிஷா முந்திக்கொண்டாள். "பி... பி... பிரெஞ்சுக் கப்பலும் இங்கிலீஷ் கப்பலும் இந்தக் கடல்லதான் மோதிகிச்சு. யாருமே முழுசா கெலிக்கல."

திக்கிய இடத்தில் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முழுக் கதையையும் அவளே சொல்லி முடித்தாள்.

"அப்பா சொல்லிக் குடுத்தாரா?" என்றார் அவர்.

"அத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது. நானே படிச்சேன்."

உண்மைதான். இதை இவ்வளவு பெருமையாக ஒப்புக்கொள்ளும் அப்பாக்கள் வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.