காலைத் தறிக்கச் சொல்லும் பகுதி

என் அண்ணனுக்குச் சர்க்கரை நோயால் இடது கால் போனது. ஈப்போ நகர ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எங்கள் தமிழ்ச் சபையில் வேத வாசிப்பு வெகுகாலமாக அவருடைய பொறுப்பு. வீடு திரும்பியபின் அவர் வாசிக்க வேண்டிய முதல் ஞாயிற்றுக்குக் குறித்திருந்தது, இடறச் செய்யும் காலைத் தறித்துவிடும்படி இயேசு சொல்லும் பகுதி. அவியாத நரக நெருப்பும் அதில் வருகிறது.

போதகர் முந்தின நாளே சிம்பாங் பூலாயிலுள்ள அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, இந்த வாரம் வேற ஆளப் படிக்கச் சொல்லவா?"

"ஏன் பாஸ்டர்? காலுதானே போச்சு, வாய் நல்லாத்தான் இருக்கு லா."

ஞாயிறன்று ஊன்றுகோலோடு மேடையேறினார். 'கால்' என்ற சொல் வந்ததும் சபையில் பலர் தலை குனிந்தார்கள். அவர் குரல் தாழவில்லை. அந்த வரியை அவசரமாகக் கடக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அண்ணி வெடித்துவிட்டார். தினமும் அண்ணன் காலின் புண்ணைக் கழுவியவர் அவர்.

"எப்படிங்க அத சத்தமாப் படிச்சீங்க? எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. சாமி இப்படியா பேசும்?"

"கால எடுக்கலன்னா உசிரு போயிரும்னு டாக்டர் சொன்னாரே, அவரக் கொடூரக்காரன்னா சொன்ன?"

"அவரு காப்பாத்தத்தானே சொன்னாரு!"

"இயேசுவும் அதுக்குத்தான் சொன்னாருன்னு நெனைக்கிறேன்." அண்ணன் தன் காலின் மிச்சத்தைத் தடவிக்கொண்டார். "இந்தக் காலு என்ன பாவம் பண்ணுச்சு? சீனி போட்ட தே தாரிக் டீ கேட்டது நாக்கு. டாக்டர் எத்தன வருஷம் பயமுறுத்துனாரு! அப்பவே சீனிய வெட்டியிருந்தா, கால வெட்ட வேண்டியிருக்காது. அப்படி ஆயிறக் கூடாதுன்னுதான் இயேசுவும் அவ்ளோ பயங்கரமாச் சொல்றாரு."

அண்ணி விடவில்லை. "அப்ப அந்த நெருப்பு?"

அண்ணன் மடியிலிருந்த வேதத்தை எடுத்தார். "அது எனக்குத் தெரியல மா."

அந்தப் பகுதியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள். தன் உடம்பில் பட்டதை மட்டும் சொல்லிவிட்டு, தெரியாத இடத்தில் நிறுத்திக்கொண்ட ஒருவரை அன்றுதான் கண்டேன். என் சொந்த அண்ணன் என்பதில் பெருமையாக இருந்தது.

அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாற்காலியை அண்ணன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, அடுத்த பகுதியப் படிங்க" என்றார்.