அண்ணன் என்னை எழுதச் சொன்ன பதினோராவது பெயர்

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் கேட்டது, தம் பெயரை எழுதச் சொல்லியா, எழுத வேண்டாம் என்று நான் தடுப்பேன் என்று நினைத்தா? அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் தெரியவில்லை.

முதல் வருஷப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனுடைய வாழ்க்கையைச் சொல்லும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான் என்பது காரணம். நான் தகுந்தவளா என்பது வேறு விஷயம்.

அண்ணன் தொட்டியத்தில் பிறந்தார். அப்பா அங்கே ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா விஷக் காய்ச்சலில் இறந்தபோது அண்ணனுக்கு வயது பதினான்கு, எனக்கு இரண்டு. அம்மா எங்களை அழைத்துக்கொண்டு பாலக்கரைக்கு வந்தார்கள். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு சுருட்டுக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டப் போனார். பிறகு அங்கேயே குமாஸ்தா ஆனார். என்னை மட்டும் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை படிக்க வைத்தார். என் கல்யாணம் முடிந்துதான் தமக்கு என்றார். அது முடிந்ததும் வயதாகிவிட்டது என்றார்.

அவருக்கென்று இருந்த ஒரே ஆசை கால்பந்து. பாலக்கரை டீமில் பன்னிரண்டு வருஷம் லெஃப்ட் பேக்காக, கோலுக்கு முன்னால் இடது பக்கக் காவலாக, நின்றார். கடைசி ஐந்து வருஷம் காப்டனும் அவரே, செக்ரடரியும் அவரே. சனிக்கிழமை சாயங்காலம் மறுநாள் ஆடப்போகிற பதினோரு பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அந்தத் தாளைக் கோயில் அருகில் சோடாக் கடைச் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு முறை யாரோ ஓர் ஆட்டக்காரருடைய மாமா தாளைக் கிழித்துவிட்டுத் தம் மருமகன் பெயரைச் சேர்த்து ஒட்டினார். அன்றிலிருந்து அண்ணன் ஒரு விதி வைத்தார். ஒட்டிய பெயர் ஒட்டியதுதான், யார் வந்து அழுதாலும் மாறாது. ஆட்டம் தொடங்கியபின் ஒருவர் விழுந்தால் அவருக்குப் பதில் இன்னொருவரை இறக்க முடியாது என்பது கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தத் தாளில் எல்லாம் இருந்தது.

டீமில் பாதிப் பேருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. சவரிமுத்து அவர்கள் ஒரு காலத்தில் பந்தைத் தொட்டாலே மைதானம் எழுந்து நிற்கும். ஆனால் இடைவேளைக்குப் பிறகு அவருக்கு மூச்சு வாங்கும். அண்ணன் காலேஜ் பையன்களைத் தேடிப் போனார். பழையவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பையன்கள் மட்டும் ஆடிய ஒரு ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கினார்கள். பழையவர்கள் மட்டும் ஆடியதில் கடைசிக் கால் மணியில் எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். "ஓடுறவன் பக்கத்துல, எங்க ஓடணும்னு சொல்றவன் ஒருத்தன் நிக்கணும் பாப்பா. அவ்வளவுதான்" என்பார் அண்ணன். தாளில் ஒரு பழைய பெயர், ஒரு புதுப் பெயர் என்று ஜோடி போட்டே சொல்லுவார்.

அப்படி வந்தவர்தான் ஸ்ரீரங்கத்துக் கஸ்தூரி. லெஃப்ட் ஹாஃப். அண்ணனுக்கு நேர் முன்னால் நிற்பார். அவருடைய தகப்பனார் பெருமாள் கைங்கரியத்தில் இருப்பவர். தோல் பந்தைக் காலால் உதைப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அண்ணன் பாலத்தைக் கடந்து மூன்று முறை அவர் வீட்டு வாசலுக்குப் போய் வந்தார். மூன்றாவது முறை அவர், "வரச்சே காவேரியிலே முழுகிட்டு வரட்டும். ஆனா ஒண்ணு, இவனைக் கூட்டிண்டு போய் வேடிக்கை பாக்க உக்கார வெக்கப்படாது. ஆட வெக்கறதுன்னா ஆட வையுங்கோ" என்றாராம். அண்ணன் "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். இந்த வாக்கை அவர் அப்போது எங்களிடம் சொல்லவில்லை. படுக்கையில் விழுந்தபின்தான் சொன்னார்.

முதல் நாள் சவரிமுத்து அவர்கள் கஸ்தூரியைப் பார்த்து, "என்னப்பா, பல்லு முளைக்காததெல்லாம் மைதானத்துல நிக்குது" என்றாராம். "பல்லு கொட்டினவாளுக்குத் துணைக்கு வந்தேன் அண்ணா" என்று கஸ்தூரி சொல்ல, அதிகமாகச் சிரித்தவர் சவரிமுத்து அவர்களே. அண்ணன் இதை வீட்டில் நடித்துக் காட்டினார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததாக நினைவில்லை.

யுத்தம் தொடங்கிய வருஷம் டீம் பைனலுக்குப் போயிற்று. அந்தப் பந்தயங்கள் முழுவதும் சவரிமுத்து அவர்களை அண்ணன் வெளியில் வைத்திருந்தார். தெருவில் பெரியவர்கள் வரிசையாக வீட்டுக்கு வந்தார்கள். இத்தனை வருஷம் ஆடியவரைக் கடைசி ஆட்டத்தில் உட்கார வைப்பது நியாயமா என்று கேட்டார்கள். அண்ணன் ஒத்துக்கொண்டார். சவரிமுத்து அவர்களால் இப்போது கஸ்தூரியின் இடத்தில் மட்டுமே ஆட முடியும். கஸ்தூரியையும் ஆட வைக்க வேண்டுமானால் இன்னும் ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது அண்ணனுடைய இடம்.

அப்போது நான் பிரசவத்துக்கு வந்து அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம். அண்ணனுக்கு இரண்டு வாரமாகச் சாயங்காலமானால் உடம்பு சுடும், இருமலும் உண்டு. கம்பெனியிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறவர் தூக்குவதை நிறுத்திவிட்டார். பந்தயக் கவலை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்பியா சொன்னேன் என்று கேட்டால் இல்லை.

சனிக்கிழமை பத்துப் பெயர்களைச் சொன்னார். பிறகு நிறுத்தினார்.

"பத்து ஆச்சு. லெஃப்ட் பேக் மட்டும் பாக்கி. என் பேரா, கஸ்தூரி பேரா? நீயே எழுதிடு பாப்பா."

"உங்களுக்கு உடம்பு சுடுதேண்ணே."

"அது கிடக்குது. நீ சொல்லு."

மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் நின்ற இடத்தை அவர் பைனலில் இழக்கக் கூடாது என்று நினைத்தேன். பெயரை எழுதாவிட்டால் அவருக்கு வயதாகிவிட்டது என்று நான் சொன்னதாகிவிடுமோ என்றும் பயந்தேன். "நீங்க இல்லாம எப்படிண்ணே?" என்று சொல்லி அவர் பெயரை எழுதினேன். அவர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, பசை எடு" என்றார்.

மறுநாள் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். இடைவேளை வரை ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். அதன்பின் சவரிமுத்து அவர்களால் ஓட முடியவில்லை. அவருக்கும் சேர்த்து அண்ணன் ஓடினார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கோட்டருகில் உட்கார்ந்தவர் எழவில்லை. பத்துப் பேராக ஆடி மூன்று கோல் வாங்கினார்கள். கஸ்தூரி வேட்டி சட்டையோடு கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தாராம். அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். எங்கள் வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை.

நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். சுரத்தோடு ஓடியது கெடுதல் என்றார். எட்டு மாதம் அண்ணன் கட்டிலில் கிடந்தார். சவரிமுத்து அவர்கள் தினமும் வந்து கால் பிடித்துவிடுவார். "நான் ஒதுங்கியிருக்கணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நானும் ஒரு நாள் அழுதுகொண்டு என் பங்கைச் சொன்னேன். "நீ எழுதலன்னாலும் நானே எழுதியிருப்பேன்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படித் திரும்பாமல் இருந்திருந்தால் நம்பியிருப்பேன். கொஞ்சம் கழித்து, "கஸ்தூரி வந்தானா?" என்று கேட்டார். கடைசி வரை தினமும் கேட்டார். கஸ்தூரி வரவில்லை. பங்குச் சுவாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த அன்று காலையிலும் கேட்டார். அன்று மத்தியானம் அண்ணன் ஆண்டவரிடம் போனார்.

இந்த வருஷம் டீம் சேரவில்லை. மைதானத்தில் பட்டாளத்துக் கூடாரங்கள் இருக்கின்றன. பையன்களில் பாதிப் பேர் எங்கேயோ. இனிச் சேரும் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுகிறேன், நம்பிக்கை இல்லை. என் மகனுக்கு உடம்பு சுட்டால் டாக்டரிடம் போவதா, கஷாயம் கொடுப்பதா என்று தீர்மானிக்க முடியாமல் என் வீட்டுக்காரர் பொன்மலையிலிருந்து வேலை முடிந்து வரும்வரை வாசலில் நிற்கிறேன்.

அண்ணனுக்காகப் பணம் வாங்காமல் வந்த டாக்டருக்கும், சுவாமியாருக்கும், தினமும் ஐஸ் கொடுத்தனுப்பிய சோடாக் கடைக்காரருக்கும், அடக்கத்தன்று பெட்டியைத் தோளில் சுமந்த சவரிமுத்து அவர்களுக்கும் டீமாருக்கும், அம்மாவுக்குத் துணையாக இருக்கும் தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வேறெதுவும் செய்ய எங்களிடம் வசதி இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் பூனாவிலிருந்து கஸ்தூரியின் கடிதம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் தகப்பனார் அவரைப் பந்தைத் தொட விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வரவும் விடவில்லை. பட்டாள ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டார். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "அண்ணா அன்று என்னை ஏன் சேர்க்காமல் விட்டார்? நான் போதாது என்று நினைத்தாரா? உங்களிடம் ஏதாவது சொன்னாரா?"

பதினோரு மாதமாகப் பதில் எழுதவில்லை. நான்தான் எழுதினேன் என்று சொன்னால், கொடுத்த வாக்கை அண்ணன் தங்கை கையில் விட்டுவிட்டார் என்றாகும். சொல்லாவிட்டால், தாம் போதாதவர் என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். இதையெல்லாம் சொல்லும் இந்த மலரின் ஒரு பிரதியைக் காகிதத்தில் சுற்றி, அவர் பூனா விலாசத்தை எழுதி, தபால் தலையும் ஒட்டி வைத்திருக்கிறேன். அண்ணனை என்னைவிட அதிகம் அறிந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பூசை முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வரும்போது, அதை அனுப்பலாமா என்று எனக்குச் சொல்லுங்கள்.