நூறு என்று போட்டிருந்த போத்தல்

தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் சைக்கிள் டியூப்பை அமுக்கிப் பிடித்தபடி அண்ணை குந்தியிருந்தார். ஓட்டையிலிருந்து குமிழிகள் வரிசையாக மேலே வந்துகொண்டிருந்தன. ஓட்டையைக் கண்டால் உடனே அந்த இடத்தில் விரலை வைத்து டியூப்பை வெளியே எடுத்துவிடுகிறவர், அன்று குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள்காரர் இரண்டு தரம் கூப்பிட்டும் நிமிரவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "அண்ணை காலமையே போட்டிட்டார் போலை" என்றார். கள்ளைத்தான் சொன்னார். அண்ணை குடியை விட்டுப் பல வருடமாகியிருந்தது.

அவர் குருநகரில் கடற்தொழில் செய்தவர். உடம்பு வற்றி, தண்ணீர் விடாய் அடங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீனி வருத்தம் என்றார்கள். விழுங்கக் கொடுத்த குளிசைகளுக்கு அது அடங்கவில்லை, எண்பத்தொன்பதில் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் சண்டை எங்களைக் குருநகரிலிருந்து கிளப்பியது. கடலில் இறங்கவும் தடை வந்தது. கலியாணம் செய்யாத அண்ணையும் தங்கையுமாக வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்னறையில் ஒதுங்கினோம். நான் அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அவர் வாசலடி வேம்பின் கீழ் இருந்து சைக்கிள்களுக்கு ஒட்டுப் போட்டார்.

அவருடைய கண் மங்கிவிட்டதால் மருந்தை ஊசியில் எடுப்பதும் குத்துவதும் என் பொறுப்பாயிற்று. மின்சாரம் இல்லாத வருடங்கள் அவை. மருந்துப் போத்தலைப் பொலித்தீனில் சுற்றி, ஈரமணல் போட்ட சின்ன மண்பானைக்குள் வைத்து, மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். காலையிலும் பின்னேரமும் விறகு மூட்டிக் கண்ணாடி ஊசியை அவித்து ஆறவிட வேண்டும். போத்தலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து உருட்ட வேண்டும். ஊசிக்குள் காற்று நின்றால் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரே இடத்தில் குத்தாமல் தொடையின் இடமும் வலமும் மாற்றவேண்டும். குத்துவதற்கு முன் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். இவ்வளவையும் கிளினிக்கில் ஒரு தாதி பொறுமையாகச் சொல்லித் தந்திருந்தார். இதை ஒருநாளும் விடாமல் வருடக்கணக்கில் செய்தால் மனிசருக்கு எப்படி அலுக்கும் என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. குண்டுவீச்சுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டியிருந்த முற்றத்தில் நின்று விறகை ஊதும்போது சிலவேளை எனக்கு அண்ணையின் முகமே மறந்துபோகும். தொடை மட்டும்தான் நினைவிருக்கும்.

தொண்ணூற்றுநான்கில் ஆஸ்பத்திரியில் இன்சுலின் முடிந்துவிட்டது. இரண்டு கிழமை அலைந்தபின், கிளாலிக் கடலால் படகில் வந்த சொந்தக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார். மருந்து கிடைத்த சந்தோசத்தில் நான் அதைத் திருப்பிப் பார்த்துப் பெயரை மட்டும் வாசித்தேன். அடுத்தநாள் ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல இருபதாம் கோடுவரை இழுத்துக் குத்தினேன். கொஞ்சம் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு அண்ணை வேம்படிக்குப் போனார். பத்து மணிக்குமேல்தான் சைக்கிள்காரர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அண்ணையின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காதடியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. இப்படி வந்தால் சீனி விழுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே இனிப்புக் கொடுக்கவேண்டும் என்று தாதி சொன்னது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரமாக இருக்கலாம், அதைவிடக் கூடவாகவும் இருக்கலாம். இது முடிந்துபோகட்டும் என்று மனம் சொன்னது. வேறு யாரோ சொன்னதுபோல அல்ல, என் சொந்தக் குரலில்.

பிறகு ஓடினேன். வீட்டில் சீனி இல்லை. பனங்கட்டியை இடித்துச் சுடுதண்ணீரில் கரைத்தேன். சைக்கிள்காரர் அண்ணையைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்தார். நல்லகாலம், அவரால் விழுங்க முடிந்தது. ஒவ்வொரு கரண்டியையும் விழுங்கிவிட்டார் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்கள் என்னிடம் வந்து நின்றன. சோறு கொடுத்து, வீட்டுக்காரரின் சைக்கிளை வாங்கி அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

தாதி போத்தலைக் கேட்டு வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "இதிலை நூறு எண்டு போட்டிருக்கு. மருந்து கடுமை கூட. உங்கடை ஊசியின்ரை கோடுகள் நாப்பது போட்ட மருந்துக்கு. அதே கோட்டுக்கு இழுத்தால் ரெண்டரை மடங்கு மருந்து உள்ளுக்குப் போகும்" என்றார். ஆர் மருந்தை எடுத்தது என்று கேட்டார். பிள்ளைகளின் கொப்பிகளில் இலக்கங்களைத் திருத்துகிற நான் வாய் திறக்குமுன், "நான்தான், மிஸ்ஸி. கண் தெரியேல்லை" என்றார் அண்ணை. நான் மறுக்கவில்லை. மருந்தின் வேகம் இன்னும் அடங்கவில்லை, சீனி திரும்பவும் விழும் என்று சொல்லிப் பின்னேரம்வரை அவரைக் கட்டிலில் வைத்திருந்தார்கள். யாரோ திருப்பிக் கொடுத்த பாதிப் போத்தல் ஒன்று, நாற்பது போட்டது, தாதியிடம் இருந்தது. அதைத் தந்து புதியதை வாங்கி வைத்துக்கொண்டார். போத்தலிலும் ஊசியிலும் ஒரே இலக்கம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் குத்தாமல் தன்னிடம் வரவேண்டும் என்றார். அவரும் களைத்துப்போயிருந்தார். எங்களை ஏசக்கூட அவரிடம் தெம்பு இருக்கவில்லை.

அண்ணை அதற்குப்பிறகு ஏழெட்டு வருடம் இருந்தார். கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது. இப்போது எனக்கும் அதே வருத்தம். குளிர்சாதனப் பெட்டியில் பேனை போன்ற ஊசி இருக்கிறது. விறகு இல்லை, அவிப்பது இல்லை, இலக்கத்தைத் திருப்பினால் போதும். அப்படியிருந்தும் சில நாள்களில் பெட்டியைத் திறக்கவே கை எழும்புவதில்லை. அந்த நேரங்களில் கொடிகாமத்தை நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது நாங்களும் நடந்து கொடிகாமத்துக்குப் போனோம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பாய் விரிக்கவும் இடமில்லாத நெருக்கத்தில் இருந்தோம். சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாததால் மருந்தை முன்கூட்டிக் குத்த முடியாது. கஞ்சி வாளி கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் அண்ணையிடம் சொன்னேன். "அண்டைக்கு உங்களைக் கண்டவுடனை நான் ஓடி வரேல்லை. முடிஞ்சுபோகட்டும் எண்டு நினைச்சு நிண்டனான்."

பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"தெரியும். நீ நிண்டதைக் கண்டனான்" என்றார். பிறகு, "எனக்கும் களைச்சுப்போய்த்தானே இருந்தது, பிள்ளை. நீ பனங்கட்டித் தண்ணியோடை வரேக்கை, ஏன் இவள் வாறாள் எண்டுதான் நினைச்சன்" என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் ஆட்கள் எழும்பினார்கள். கஞ்சி வாளி வந்துவிட்டது. அண்ணை சாரத்தைத் தொடைக்குமேல் ஒதுக்கினார்.

"வலப் பக்கம் குத்து. இடப் பக்கம் நேற்று."