குழாயில் நின்ற தண்ணீர்

அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விமானியின் கண்ணெதிரே வட்ட வட்டமாக வேகமும் உயரமும் காட்டுகிற மானிகளின் ஊசிகள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. உதவியாளாகச் சேர்ந்து, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்து, பரீட்சை எழுதி மேலே வந்தவள். அவள் சரி என்று சொன்னால் சீஃப் இன்ஜினியர் மறுபடி பார்க்கமாட்டார். அந்த நம்பிக்கைதான் பின்னால் அவளை மென்று தின்றது.

அன்று காலை சின்ன விமானம் ஒன்றைக் கழுவினார்கள். அதன் பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு ஓர் ஓட்டை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் அது வழியாகத்தான் மானிகளுக்குப் போகும். கழுவும்போது அதை டேப் ஒட்டி மூடிவிடுவார்கள். டேப்பை உரிக்கப் போன ஊசி அக்கா அதன் ஒரு மூலை எழும்பியிருந்ததைப் பார்த்தாள். தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். அதற்காகத்தான் விமானி முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் குழாயில் தங்கிய தண்ணீர் வடிந்துவிடும். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் அழுத்தவேண்டும். அவளும் எத்தனையோ தரம் அழுத்திப் பார்த்துவிட்டாள். ஒரு சொட்டு வந்ததில்லை. அன்றைக்கு டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. அழுத்தாமலே போய்விட்டாள்.

அந்த விமானத்தில்தான் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் முதல்முறையாகத் தனியாகப் பறக்கப் போனாள். குள்ளமான பெண். முன்னால் பார்க்க எட்டாமல் ஒரு சின்ன மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாள். கற்றுக்கொடுக்கும் கேப்டன் அவளுக்குத் தலைகாணி என்றே பெயர் வைத்துவிட்டார்.

“தலைகாணி, மேல போய்த் தூங்கிடாதே!”

“நீங்க பக்கத்துல இல்லல்ல சார், தூக்கம் வராது,” என்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

ஓடுபாதையைத் தாண்டி நன்றாக ஏறிக்கொண்டிருந்த விமானம் திடீரென்று மூக்கைக் கவிழ்த்தது. மறுபடி ஏறியது, மறுபடி கவிழ்த்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தொப்பென்று விழுந்து, எகிறி, முன்சக்கரம் கோணிக்கொள்ள ஒருவழியாய் நின்றது.

இறங்கியவள் நேரே கேப்டனிடம் வந்தாள். “மேல போகப் போக ஸ்பீடு குறைஞ்சுட்டே வந்துது சார். விழுந்துடும்னு மூக்கை இறக்கினேன். உயரம் காட்டுற ஊசி நின்ன இடத்துலயே நின்னுது, அப்புறம் குதிச்சுது.”

“ஊசி குதிக்கல, நீதான் குதிச்சே,” என்றார் கேப்டன்.

சீஃப் ஊசி அக்காவிடம், “எதுக்கும் பார்த்துடும்மா,” என்றார்.

அவள் தனியாக உள்ளே ஏறி உட்கார்ந்தாள். கை நேராக அந்தக் குமிழுக்குப் போனது. பழக்கத்தில் போனதா, பயத்தில் போனதா என்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடியாது. ஒரு கரண்டித் தண்ணீர் உள்ளங்கையில் விழுந்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள். பிறகு சோதனைக் கருவியை மாட்டி சீஃபைக் கூப்பிட்டாள். ஊசிகள் வெண்ணெயில் போவதுபோல ஏறி இறங்கின.

“எல்லாம் சரியா இருக்கு சார்.”

அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். பொய்யே சொல்லாமல் ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக்கிவிட்டாள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். சாப்பிடும்போது கதை கேட்பது அவர் வழக்கம். அன்று ராத்திரி அந்தப் பெண் சொன்னதையும் கேட்டுவிட்டு இழுத்தார்: “அதென்ன, ஸ்பீடு எப்படித் தப்பாக் காட்டும்? எனக்குச் சக்கரம் சுத்துது, முள்ளு ஏறுது.”

“மேல ஏது சக்கரம்? பஸ்ல கையை வெளிய நீட்டினா காத்து தள்ளுதுல்ல, அந்தத் தள்ளலை முன்னால ஒரு குழாய் வாங்கிக்கும். பக்கத்துல இருக்கிற ஓட்டை சும்மா இருக்கிற காத்தோட அழுத்தத்தை வாங்கிக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகம். மேல போகப் போக அழுத்தம் குறையும். எவ்வளவு குறைஞ்சுதோ அதை வெச்சு உயரம்.”

“அந்த ஓட்டை அடைச்சுக்கிட்டா?”

“கீழ இருந்த அழுத்தம் உள்ளயே மாட்டிக்கும். உயரம் நகராது. முன்னால அழுத்தம் குறையும், உள்ள இருக்கிறது குறையாது. அதனால வேகம் குறையற மாதிரி காட்டும்.”

“உங்க விமானத்துக்கும் என் மாதிரி ஜலதோஷம் வரும்னு சொல்லு,” என்று சிரித்தவர், கையை உதறிக்கொண்டே கேட்டார்: “ஏய், அந்தப் பொண்ணு சொன்னதும் இதேதானே?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண்ணை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாக இருந்தார்கள். வியாழக்கிழமை அவளே ஊசி அக்காவின் அறைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, அந்த ஊசி எப்படி ஓடுதுன்னு எனக்கு ஒருதரம் காட்டுங்க. கண்ணால பார்த்துட்டா நான்தான் தப்புன்னு மனசு அடங்கிடும்.”

மேஜைமேல் கழித்துப்போட்ட பழைய உயரமானி ஒன்று இருந்தது. அதில் கண்ணாடிபோல் தெரிகிற குழாயை மாட்டி, கைப்பம்பால் காற்றை இழுத்தாள். ஊசி அழகாக ஏறியது.

“அப்ப நான்தான்,” என்றாள் பெண். அழவில்லை. கணக்கு சரியாகிவிட்டதுபோலத் தலையாட்டினாள். “நேத்து வரும்போது ஒரு கடைப் பலகையை ரெண்டு தரம் படிச்சேன்க்கா. எனக்குச் சரியாத்தான் தெரியுதான்னு.”

ஊசி அக்கா அவளையே பார்த்தாள். குழாயைக் கழற்றினாள். குடிக்க வைத்திருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதற்குள் விட்டு, வளைத்து, மறுபடி மாட்டினாள். பம்பை இழுத்தாள். ஊசி அசையவில்லை. இன்னும் இழுத்தாள். வளைவில் தண்ணீர் குமிழியிட, ஊசி சடக்கென்று குதித்தது.

“இதையா பார்த்தே?”

பெண்ணின் முகம் மாறியது. “இதேதான்! இதேதான்க்கா!” அப்புறம் குரல் மெல்ல இறங்கியது. “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீ இறங்கின அன்னைக்கே. தண்ணியை வடிச்சதே நான்தான்.”

வெளியே யாரோ ஒரு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கப்பாகிட்ட, பயத்துல தப்பாப் பார்த்துட்டேன்னு சொல்லிட்டேன்,” என்றாள் பெண்.

“மன்னிச்சிடும்மா.”

“அதை இங்க சொல்லாதீங்க. அங்க வந்து சொல்லுங்க.”

போனார்கள். சீஃப் அறையில் கேப்டனும் இருந்தார். ஊசி அக்கா டேப்பின் மூலையிலிருந்து உள்ளங்கைத் தண்ணீர் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சீஃப் பேனாவை மூடி வைத்தார்.

“மறந்துட்டேன்னு வந்திருந்தா நாலு திட்டு திட்டியிருப்பேன். மறைச்சதுக்குத் திட்டுக்கூட வரமாட்டேங்குதும்மா.” நாளையிலிருந்து ஸ்டோருக்குப் போகச் சொன்னார். விமானத்தில் இனி கை வைக்கக்கூடாது; எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கேப்டன் பெண் பக்கம் திரும்பினார். “சரி தலைகாணி, சக்கரம் மாத்தினதும் மறுபடி தனியாப் போ.”

“நான் சரியாத்தான் பார்த்தேன்னு முதல்ல சொல்லுங்க சார்.”

அவர் விட்டத்தைப் பார்த்தார். “சரியாத்தான் பார்த்தே.”

அடுத்த வாரம் அவள் பறந்தாள். ஊசி அக்கா ஸ்டோர் ஜன்னலில் நின்று பார்த்தாள். விமானம் ஒரே சீராக ஏறி, திரும்பி, பூப்போல இறங்கியது. கூடப் படிக்கிறவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். கூட்டமாகத் திரும்பும்போது அந்தப் பெண் ஜன்னலுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் போனாள். எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பார்ப்பாள் என்று தான் எதிர்பார்த்து நின்றது அப்போதுதான் ஊசி அக்காவுக்கு உறைத்தது. அவளுக்காக உண்மையைச் சொன்னேனா, என்னைப் பார்த்து அவள் சிரிக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னேனா? இதற்கும் விடை தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் கவுண்டரில் ஒருவர் திருகாணி கேட்டுக்கொண்டு நின்றார். எந்த அளவு என்று கேட்டுவிட்டு, எடுக்கப் போனாள்.